லட்சக்கணக்கானோர் 'தாய்' என அழைக்கும் 21 வயது இளைஞர்: ஞானேஸ்வரரின் வாழ்க்கை

புனே நகரை அடுத்து, இந்திராயணி ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிற்றூர் ஆளந்தி. ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில் இங்கிருந்து ஒரு பல்லக்கு பண்டரிபுரம் நோக்கிப் புறப்படுகிறது. அதில் வைக்கப்படுபவை ஓர் இளைஞரின் பாதுகைகள். சுமார் 250 கிலோமீட்டர் தொலைவை ஏறத்தாழ மூன்று வாரங்களில் நடந்து கடக்கும் அந்த ஊர்வலத்தில் லட்சக்கணக்கான மக்கள் பங்கேற்கின்றனர். உழவர், கூலித் தொழிலாளர், தலையில் துளசி மாடம் சுமந்த பெண்கள், ஜால்ரா ஏந்திய முதியவர்கள் என நீளும் அந்த வரிசையில் இடைவிடாது ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. மாவுலி என்பதே அந்தச் சொல். மராத்தியில் அதற்குத் தாய் என்று பொருள்.

தாய் என்று அழைக்கப்படுபவர் 21 வயதில் உலக வாழ்வை நிறைவு செய்துகொண்ட ஞானேஸ்வரர். தமிழகத்து வீடுகளில் பக்த விஜயக் கதைகள் வழியாக ஞானதேவர் என்ற பெயரில் அவர் நெடுங்காலமாக அறிமுகமானவர். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர்; மணம் புரியாதவர்; ஊரார் ஒதுக்கிவைத்த குடும்பத்தில் வளர்ந்தவர். அத்தகைய ஒருவர் ஒரு மாநிலம் முழுவதற்கும் அன்னையாகக் கருதப்படுவது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, அவர் பிறப்பதற்கு முன்பே அந்தக் குடும்பத்தில் தொடங்கிய சிக்கலில் இருந்து தொடங்க வேண்டும்.

கோதாவரிக் கரையில், பைதான் நகருக்கு அருகே உள்ள ஆபேகாவ் என்ற ஊரின் கணக்கர் குடும்பத்தில் பிறந்தவர் விட்டல்பந்த். இளமையிலேயே துறவில் நாட்டம் கொண்டிருந்தவர். தீர்த்த யாத்திரையாக ஆளந்திக்கு வந்தபோது, அவ்வூர்க் கணக்கரான சித்தோபந்த் அவரது ஒழுக்கத்தைக் கண்டு மகிழ்ந்து தமது மகள் ருக்மிணியை மணம் செய்து கொடுத்தார். ஆயினும் விட்டல்பந்தின் மனம் இல்லறத்தில் ஒன்றவில்லை. ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறி காசியை அடைந்த அவர், தமக்கு மனைவி இருப்பதை மறைத்து ஒரு குருவிடம் சந்நியாசம் பெற்றுக்கொண்டார்.

கணவன் உயிருடன் இருந்தும் கணவனற்றவளாக வாழ நேர்ந்த ருக்மிணி, ஆளந்தியில் உள்ள அரசமரத்தை நாள்தோறும் வலம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் நோன்பு இருந்ததாக மரபு கூறுகிறது. அம்மரம் என்று நம்பப்படும் அரசமரம் இன்றும் ஆளந்திக் கோயில் வளாகத்தில் பொன் அரசு என்ற பெயரில் வணங்கப்படுகிறது. பின்னாளில் காசி குரு ராமேஸ்வரம் நோக்கிச் செல்லும் வழியில் ஆளந்தியில் தங்கியிருக்கிறார். தம்மை வணங்கிய ருக்மிணியைப் பிள்ளைப் பேறு பெறுமாறு அவர் வாழ்த்த, அப்பெண் தன் நிலையை எடுத்துரைக்க, தம் சீடனின் பொய் அவருக்குத் தெரியவந்தது. உடனே அவர் விட்டல்பந்தை அழைத்து மீண்டும் இல்லறத்திற்குத் திரும்புமாறு கட்டளையிட்டார்.

குருவின் ஆணை அறத்தின்பாற்பட்டது. கைவிடப்பட்ட பெண்ணுக்கு நீதி வழங்கியது. ஆனால் அன்றைய சமூகத்தின் சட்டம் வேறாக இருந்தது. துறவு பூண்டவர் இல்லறத்திற்குத் திரும்புவதை அது மன்னிக்கவில்லை. ஆளந்தி அந்தணர்கள் அக்குடும்பத்தைச் சமூகத்தில் இருந்து விலக்கிவைத்தனர். நிவ்ருத்தி, ஞானதேவர், சோபான், முக்தாபாய் என்ற நான்கு குழந்தைகளும் அந்த விலக்கத்திற்குள்ளேயே பிறந்தனர். ஞானேஸ்வரர் பிறந்த ஆண்டாகப் பெரிதும் ஏற்கப்படுவது 1275. தேவகிரியைத் தலைநகராகக் கொண்டு யாதவ மன்னர் ராமச்சந்திரர் ஆண்ட காலம் அது.

துறவியின் பிள்ளைகள் என்பதே அக்குழந்தைகள் கேட்டு வளர்ந்த வசை. மூத்த மகனுக்கு உபநயனம் செய்யும் வயது வந்தபோது, அதனை நடத்தி வைக்க எவரும் முன்வரவில்லை. மனமுடைந்த விட்டல்பந்த் குடும்பத்துடன் திரியம்பகேஸ்வரம் சென்று பிரம்மகிரி மலையை வலம் வரத் தொடங்கினார். ஓர் இரவு, வலம் வரும் பாதையில் புலி ஒன்று எதிர்ப்பட்டதாகவும், அனைவரும் சிதறி ஓடியதில் நிவ்ருத்தி வழிதவறிக் குகை ஒன்றுக்குள் புகுந்ததாகவும் அடியார்கள் கூறுவர். அக்குகையில் இருந்தவர் நாத மரபைச் சேர்ந்த கஹினிநாதர். கோரக்கநாதரின் வழிவந்த அந்த யோகி, அஞ்சி நடுங்கி வந்த சிறுவனுக்கு உபதேசம் அளித்தார். பூணூலுக்குத் தகுதியற்றவன் என ஊர் தள்ளிய சிறுவன், குருவின் அருள் பெற்றுத் திரும்பினான். தாம் பெற்றதை நிவ்ருத்தி தம் தம்பி ஞானதேவருக்கு வழங்கினார். ஏறத்தாழ இரண்டு வயதே மூத்த அண்ணன்தான் ஞானேஸ்வரரின் குரு. தம் நூல்களில் எல்லாம் அவர் வணங்குவது அந்த அண்ணனையே.

ஆயினும் ஊரின் தீர்ப்பு மாறவில்லை. பிள்ளைகளையாவது ஏற்றுக்கொள்ள என்ன பரிகாரம் செய்ய வேண்டும் என்று விட்டல்பந்த் கேட்டபோது, உயிரை விடுவதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை என்று சாத்திரம் அறிந்தோர் விடையளித்ததாக மரபு கூறுகிறது. கணவனும் மனைவியும் பிள்ளைகளை விட்டுச் சென்று புனித நீரில் உயிரை மாய்த்துக்கொண்டனர். அது எந்த ஆறு என்பதில் கதைகள் வேறுபடுகின்றன. நான்கு சிறுவர்கள் அநாதைகளாயினர் என்பதில் மட்டும் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை.

பெற்றோரின் உயிரை விலையாகக் கொடுத்த பின்னரும் பிள்ளைகள் ஏற்கப்படவில்லை என்பதே இந்த வரலாற்றின் கொடிய பகுதி. பைதான் நகரத்து அறிஞர் சபையில் இருந்து சுத்திப் பத்திரம் பெற்று வருமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சாதவாகனர் காலத்துத் தலைநகரான பைதான் அன்று சாத்திரக் கல்வியின் தலைமையிடம். அதன் தீர்ப்பே இறுதியானது. நான்கு சிறுவர்களும் ஆளந்தியில் இருந்து கோதாவரிக் கரை வரை பயணம் செய்தனர்.

மகாராஷ்டிரத்தில் ஞானேஸ்வரரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் அற்புதக் கதை அந்தச் சபையில் நிகழ்ந்ததாகக் கருதப்படுகிறது. எல்லா உயிரிலும் இருப்பது ஒரே ஆன்மா என்று சிறுவன் கூறக் கேட்ட ஒருவர், தெருவில் சென்ற எருமையைக் காட்டி, அதன் பெயரும் ஞானாதான் என்று எள்ளி நகையாடினார். எருமையின் முதுகில் விழுந்த சாட்டையடியின் தழும்பு சிறுவனின் முதுகில் தெரிந்தது. அவன் எருமையின் தலைமீது கைவைக்க, அது வேத மந்திரங்களை ஓதியது. இதனை வரலாறாகக் கொள்வதும் கொள்ளாததும் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் கதை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது வெளிப்படை. வேதம் ஓதும் உரிமையைக் குழந்தைகளுக்கு மறுத்த சபையின் முன் எருமையின் வாயில் வேதத்தை வைத்தது மக்களின் கற்பனை. அதைவிடக் கூர்மையான மறுமொழியை எந்தச் சாத்திர வாதமும் தந்திருக்க இயலாது.

பைதான் சபை இறுதியில் அவர்களுக்குச் சுத்திப் பத்திரம் வழங்கியது. நால்வரும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது, வம்சம் தொடரக் கூடாது என்பது அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை என்பர். நால்வரும் அதன்படியே வாழ்ந்தனர்.

திரும்பும் வழியில் பிரவரா ஆற்றங்கரையில் உள்ள நெவாசாவில் அவர்கள் தங்கினர். அங்கு ஒரு கற்றூணில் சாய்ந்தவாறு, அண்ணனின் ஆணைப்படி ஞானதேவர் பகவத் கீதைக்கு மராத்தியில் விரிவுரை சொல்லத் தொடங்கினார். சச்சிதானந்த பாபா என்பவர் அதனை எழுதினார். 1290ஆம் ஆண்டு அது நிறைவுற்றபோது ஆசிரியருக்கு வயது 15. பாவார்த்த தீபிகை என்று பெயரிடப்பட்ட அந்நூலை உலகம் ஞானேஸ்வரி என்றே அழைக்கிறது. கீதையின் 700 சுலோகங்களுக்குச் சுமார் 9,000 ஓவிகளில் விரியும் உரை அது. அந்தத் தூண் இன்றும் நெவாசாவில் உள்ளது. அதைச் சுற்றி எழுந்த கோயிலில் மூலவரின் இடத்தில் இருப்பதும் அந்தத் தூண்தான்.

மராத்தியின் முதல் நூல் ஞானேஸ்வரி என்று சிலர் கூறுவது சரியன்று. முகுந்தராஜரின் விவேகசிந்துவும், மகானுபாவ சமயத்தாரின் உரைநடை நூலான லீளாசரித்திரமும் அதற்கு முற்பட்டவை. ஆனால் கற்றோர் அவையில் வடமொழிக்கு நிகராக மராத்தியை நிமிர்ந்து நிற்கச் செய்த நூல் இதுவே. அவர் கையாண்ட ஓவி யாப்பும் கவனிக்கத்தக்கது. விடியற்காலையில் திரிகைக் கல்லைச் சுழற்றியபடி பெண்கள் பாடும் பாட்டின் பெயரும் ஓவிதான். தானியம் அரைக்கும் முற்றத்தில் ஒலித்த வடிவத்தை, அத்வைத தத்துவம் உரைக்கும் கருவியாக அச்சிறுவர் தேர்ந்துகொண்டார்.

நூலின் தொடக்கத்தில் அவர் தம்மைப் பெரியோர் முன் மழலை பேசும் குழந்தையாகவும், கடலை அலகால் அளக்க முனையும் சிறு பறவையாகவும் சொல்லிக்கொள்கிறார். இது வெறும் அவையடக்கமாகத் தோன்றலாம். ஆனால் நூலின் இறுதி அத்தியாயத்தில் அவர் சொல்வது துணிச்சலானது. வேதம் செல்வம் மிகுந்ததுதான், ஆயினும் அதனைப் போன்ற கருமி வேறில்லை என்ற கருத்தை அவர் முன்வைக்கிறார். மூன்று வருணத்தாரின் காதுகளுக்கு மட்டுமே அது பேசியது, பெண்களையும் சூத்திரர்களையும் விலக்கியது. அந்தக் குறையைப் போக்கவே வேதம் கீதையாக வந்தது என்கிறார். சபையின் தீர்ப்புக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த ஒரு சிறுவன் இதனை எழுதினான் என்பதை நினைவில் கொண்டு படித்தால், அதன் கனம் புரியும்.

வியப்பு என்னவெனில், அந்த 9,000 ஓவிகளிலும் தம் குடும்பத்திற்கு நேர்ந்த கொடுமையைப் பற்றிய புலம்பல் இல்லை. தாய்ப்பசுவும் கன்றும், சூரியனும் தாமரையும், பொன்னும் அணிகலனும், விளக்கும் அதன் ஒளியும் என உவமைகள் பெருகிக்கொண்டே செல்கின்றன. மீண்டும் மீண்டும் வருவது தாய். குருவைத் தாய் என்கிறார். கீதையைத் தாய் என்கிறார். இறைவனின் அன்பைத் தாயன்பாகக் காண்கிறார். தாயை இழந்த பிள்ளை, காணும் பொருளில் எல்லாம் தாயைக் கண்டார் என்று கொள்வது பொருந்தும்.

நூலை முடிக்கும்போது அவர் இறைவனிடம் ஒரு வரம் கேட்கிறார். பசாயதான் எனப்படும் அந்த ஒன்பது ஓவிகள் இன்று மகாராஷ்டிரத்தின் பள்ளிகளிலும் பொது நிகழ்ச்சிகளிலும் பாடப்படுகின்றன. அதில் அவர் தமக்கென எதுவும் கேட்கவில்லை. தீயோர் அழிய வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்களிடம் உள்ள கோணல் மட்டும் நீங்க வேண்டும் என்றும், அவர்களுக்கு நற்செயலில் நாட்டம் வளர வேண்டும் என்றும் வேண்டுகிறார். உயிர்கள் ஒன்றுக்கொன்று நட்புக் கொள்ள வேண்டும் என்கிறார். வஞ்சம் தீர்க்கத் தக்க காரணம் கொண்ட ஒருவரிடம் இருந்து வந்த வேண்டுதல் இது.

இதனால் அவர் துன்பமே உணராதவர் என்று எண்ணிவிடக் கூடாது. மராத்தி பக்தி இலக்கியம் பாதுகாத்துள்ள ஒரு நிகழ்வு அதற்குச் சான்று. ஒருமுறை யாரோ சொன்ன இழிசொல் மனத்தைப் புண்படுத்த, ஞானதேவர் குடிசைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டார். நம் ஊர்த் தட்டியைப் போன்ற அக்கதவுக்கு மராத்தியில் தாட்டி என்று பெயர். சகோதரர்கள் அழைத்தும் அவர் திறக்கவில்லை. அப்போது கதவின் வெளியே நின்று தங்கை முக்தாபாய் பாடியதாகக் கூறப்படும் பாடல்கள் தாட்டி அபங்கங்கள் எனப்படுகின்றன. உலகம் தீயாகக் கொதித்தால் சான்றோர் நீராக இருக்க வேண்டாமா, சினம் கொள்பவர் யோகியாவது எவ்வாறு என்று கேட்டு, கதவைத் திறக்குமாறு அச்சிறுமி வேண்டுகிறாள். குடும்பத்தில் கடைக்குட்டி அவள். உலகம் ஞானி எனப் போற்றிய அண்ணனுக்கு அன்று ஆசிரியராக இருந்தவள் அவளே. ஞானேஸ்வரரின் பொறுமை பிறவியிலேயே வந்ததன்று, முயன்று பெற்றது என்பதை இந்த ஒரு நிகழ்வு காட்டுகிறது. அற்புதக் கதைகளைக் காட்டிலும் இதுவே அவரை நமக்கு நெருக்கமாக்குகிறது.

முக்தாபாயின் கூர்மைக்கு இன்னொரு கதையும் உண்டு. சாங்கதேவர் என்ற மூத்த யோகி 1,400 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று மக்கள் நம்பினர். ஞானதேவரின் புகழைக் கேள்வியுற்ற அவர், கடிதம் எழுத அமர்ந்தார். வயதில் சிறியவருக்கு எழுதும் முறையில் தொடங்குவதா, ஞானத்தில் பெரியவருக்கு எழுதும் முறையில் தொடங்குவதா என்ற குழப்பத்தில் வெற்றுத் தாளையே அனுப்பிவைத்தார். இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் வெற்றாகவே இருக்கிறாரே என்று முக்தாபாய் நகைத்தாளாம். ஞானதேவரோ அந்த வெற்றுத் தாளுக்கு 65 ஓவிகளில் விடை எழுதினார். சாங்கதேவ பாசஷ்டி என்னும் அச்சிறு நூல் இன்றும் பயிலப்படுகிறது. புலி மீதேறி, பாம்பைச் சாட்டையாகக் கொண்டு வந்த சாங்கதேவரை எதிர்கொள்ள, உடன்பிறந்தோர் நால்வரும் அமர்ந்திருந்த மண்சுவரே நகர்ந்து சென்றது என்பது அதன் தொடர்ச்சி. பின்னர் அந்த யோகி முக்தாபாயையே குருவாக ஏற்றார் என்பர்.

கீதை உரைக்குப் பின், பிற நூலைச் சாராமல் சொந்த அனுபவத்தை எழுதுமாறு நிவ்ருத்திநாதர் பணிக்க, சுமார் 800 ஓவிகள் கொண்ட அம்ருதானுபவம் பிறந்தது. ஞானேஸ்வரி போல எளிதில் வசப்படாத நூல் அது. சிவனும் சக்தியும் பிரிக்கவியலாத ஒன்று என்பதில் தொடங்கி, சொல்லின் எல்லை வரை செல்லும் தத்துவ நூல். எளிய மக்களிடம் சென்று சேர்ந்தது, நாம ஜபத்தின் பெருமை கூறும் ஹரிபாட அபங்கங்கள்தாம். அவை வாரகரிகளின் வீடுகளில் மாலைதோறும் ஓதப்படுகின்றன.

அதன்பின் அவர் வாழ்வில் வந்தவர் நாமதேவர். பண்டரிபுரத்து விட்டலனின் அடியார். தையல் தொழில் செய்யும் குலத்தவர். யோகமும் வேதாந்தமும் பயின்ற ஞானதேவருக்கும், விட்டலனைத் தவிர வேறொன்றும் அறியாத நாமதேவருக்கும் இடையே மலர்ந்த நட்பு வாரகரி மரபின் அச்சாணி எனலாம். இருவரும் இணைந்து வடநாட்டுத் தலங்களுக்கு யாத்திரை சென்றனர். பண்டரிபுரத்தை விட்டுப் பிரிய மனமின்றி நாமதேவர் கலங்கியதையும், வழியில் இருவரும் உரையாடியதையும் நாமதேவரின் பெயரில் வழங்கும் தீர்த்தாவளி விரிவாகப் பாடுகிறது.

அவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் திரண்டது. பானை வனையும் கோரா, தோட்டக்காரர் சாவதா, பொற்கொல்லர் நரஹரி, நாவிதர் சேனா, நாமதேவர் வீட்டுப் பணிப்பெண் ஜனாபாய், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மகார் குலத்துச் சோகாமேளர் ஆகியோர் அக்காலத்து அடியார்களாகப் போற்றப்படுகின்றனர். ஒருமுறை அடியார்கள் கூடியிருந்தபோது, பானை வெந்ததா என்று தட்டிப் பார்க்கும் பலகையால் ஒவ்வொருவர் தலையிலும் தட்டினார் கோரா. நாமதேவர் மட்டும் வலி பொறாமல் முகம் சுளிக்க, இந்தப் பானை இன்னும் வேகவில்லை என்று தீர்ப்பளித்தாராம். இறைவனோடு நேரில் பேசுபவர் எனப் புகழ்பெற்ற நாமதேவரின் தலையில் குயவர் ஒருவர் தட்டிப் பார்க்கும் சபை, பைதான் சபைக்கு முற்றிலும் நேர்மாறானது.

ஆயினும் அந்தச் சபையின் சமத்துவம் கோயில் வாசல் வரையே சென்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். சோகாமேளர் கடைசிவரை பண்டரிபுரம் கோயிலுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அவரது சமாதி கோயிலின் மகாத்துவாரத்திற்கு வெளியே, நாமதேவர் படிக்கு எதிரில் உள்ளது. அக்கோயிலின் கதவுகள் தலித் மக்களுக்குத் திறக்க, 1947ஆம் ஆண்டு சானே குருஜி உண்ணாவிரதம் மேற்கொள்ள வேண்டியிருந்தது. ஞானேஸ்வரர் மறைந்து ஆறரை நூற்றாண்டுகள் கடந்த பின் நிகழ்ந்தது அது.

யாத்திரை முடிந்து திரும்பிய சிறிது காலத்தில், தாம் சமாதி அடைய விரும்புவதாக ஞானதேவர் தெரிவித்தார். அவருக்கு அப்போது வயது 21. வந்த வேலை முடிந்தது என்ற நிறைவே அதற்குக் காரணம் என்பது அடியார்களின் விளக்கம். பெற்றோரின் முடிவு பிறர் விதித்த தண்டனை; மகனின் முடிவு தாமே விரும்பி ஏற்றது என்று மரபு அவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தே காண்கிறது. இக்காலத்து வாசகருக்கு அந்த விளக்கம் முழு அமைதியைத் தருமா என்பது ஐயமே. உடனிருந்தோருக்கும் அது அமைதி தரவில்லை என்பதை நாமதேவரின் சமாதிப் பாடல்கள் மறைக்கவில்லை.

1296ஆம் ஆண்டு, கார்த்திகை மாதத் தேய்பிறைத் திரயோதசி நாள். ஆளந்தியில் சித்தேஸ்வரர் கோயிலுக்கு அருகே இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நாமதேவரின் புதல்வர்கள் அவ்விடத்தைத் துப்புரவு செய்தனர். அடியார்கள் அனைவரும் திரண்டிருந்தனர். விட்டலனே நேரில் வந்து நின்றதாக நாமதேவர் பாடுகிறார். நிவ்ருத்திநாதர் தம்பியின் கையைப் பற்றி அழைத்துச் சென்று அமரச் செய்தார். பின்னர் வெளியே வந்து கல்லால் வாயில் மூடப்பட்டது. குருவாக நின்று கடமையை முடித்த அவர், அதன்பின் அண்ணனாக அழுதார். பற்றறுத்த யோகியே அழுவதைக் கண்டு மற்றவர்கள் செய்வதறியாது நின்றனர். நாமதேவரின் பாடல்களில் மிகுந்த வலி தருவது அந்த இடமே.

அதே 1296ஆம் ஆண்டில்தான் அலாவுதீன் கில்ஜியின் படை தேவகிரியைத் தாக்கியது. ஞானேஸ்வரர் தம் நூலின் முடிவில் நீதியுடன் ஆள்பவர் எனக் குறிப்பிட்ட மன்னர் ராமச்சந்திரர், பெரும் செல்வத்தைக் கொடுத்துப் பணிய நேர்ந்தது. யாதவ அரசு அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. அரசவையின் ஆதரவை இழந்த அந்தக் காலத்தில் மராத்தி மொழி, அடியார்களின் நாவில் தொடர்ந்து வாழ்ந்தது.

உடன்பிறந்தோர் மூவரும் ஞானதேவருக்குப் பின் ஓராண்டுக்கு மேல் உலகில் இருக்கவில்லை என்பது மரபு. சோபான்தேவர் புனே அருகே சாஸ்வடில் சமாதியடைந்தார். முக்தாபாய் தபதி ஆற்றங்கரைப் பகுதியில் மின்னல் வெட்டிய ஒரு கணத்தில் மறைந்தார் என்பர். தம்பியர் இருவரையும் தங்கையையும் வழியனுப்பிய நிவ்ருத்திநாதர், சிறுவயதில் குருவைக் கண்டடைந்த திரியம்பகேஸ்வரத்திற்கே சென்று உடலை நீத்தார். நாமதேவர் மட்டும் நெடுங்காலம் வாழ்ந்தார். நண்பரின் கதையைப் பாடியபடி வடக்கே பஞ்சாப் வரை சென்றார். அவருடைய பாடல்கள் சீக்கியரின் குரு கிரந்த சாகிப்பில் இடம்பெற்றுள்ளன.

பல கைகள் மாறிப் பிழைகள் மலிந்திருந்த ஞானேஸ்வரியின் ஏடுகளை ஒப்பிட்டு, 1584ஆம் ஆண்டு செம்மையான பாடத்தை உருவாக்கியவர் ஏகநாதர். அவர் பைதானைச் சேர்ந்தவர், அந்தணர். எந்த நகரத்துச் சபையின் முன் அந்தச் சிறுவர்கள் கைகட்டி நின்றனரோ, அதே நகரத்து அறிஞர் ஒருவர் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அச்சிறுவனின் நூலைக் காப்பதைத் தம் கடமையாகக் கொண்டார். ஆளந்தி சமாதிக்குள் மரத்தின் வேர் ஒன்று தம் கழுத்தை நெருக்குவதாக ஞானேஸ்வரர் கனவில் வந்து கூறியதாகவும், ஏகநாதர் அங்கு சென்று அந்த வேரை அகற்றியதாகவும் கதை வழங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் வினோபா பாவே ஞானேஸ்வரியைத் தம் வாழ்நாள் துணையாகக் கொண்டார். 1940ஆம் ஆண்டு பிரபாத் நிறுவனம் எடுத்த சந்த் ஞானேஸ்வர் திரைப்படம் அவரை மகாராஷ்டிரத்திற்கு அப்பாலும் கொண்டு சென்றது. தமிழகத்தின் நாம சங்கீர்த்தன மேடைகளில் ஒலிக்கும் அபங்கங்களுக்குப் பின்னாலும், தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலம் முதல் வேரூன்றிய இந்த மரபே இருக்கிறது.

பல்லக்கு ஊர்வலத்தை இன்றைய வடிவில் ஒழுங்குபடுத்தியவர், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹைபத்ராவ் பாபா என்ற அடியார். அந்த ஊர்வலத்தில் தாமும் நடந்து சென்ற மானுடவியலாளர் இராவதி கார்வே, ஒரே இறைவனைப் பாடிச் செல்லும் குழுக்கள் சாதிவாரியாகப் பிரிந்து உண்பதைக் கண்டு வருந்தி எழுதினார். அதே வேளையில், வழியில் எதிர்ப்படும் எவரையும் மாவுலி என்று அழைத்துக் காலைத் தொட்டு வணங்குவதும் அங்குள்ள வழக்கமே. வணங்கப்படுபவர் உடனே குனிந்து வணங்கியவரின் காலைத் தொடுகிறார். முதியவர் சிறுவனை வணங்குவதும் உண்டு.

ஊர்வலத்தின் முன் இரண்டு குதிரைகள் செல்கின்றன. ஒன்றின் மீது கொடி ஏந்திய வீரர் அமர்ந்திருப்பார். மற்றொன்றின் மீது எவரும் ஏறுவதில்லை. அது மாவுலிக்கு உரியது. வழியில் திறந்த வெளிகளில் நிகழும் ரிங்கண் எனும் நிகழ்ச்சியில், மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, அக்குதிரைகள் நடுவே பாய்ந்து ஓடும். ஓடி முடித்ததும், ஆளற்ற குதிரையின் குளம்பு பட்ட மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்ளக் கூட்டம் முந்தும்.

ஆஷாட ஏகாதசிக்கு முன்னதாக, பண்டரிபுரத்திற்குச் சில கிலோமீட்டர் முன்பு உள்ள வாக்ரி என்ற இடத்தில் பல்வேறு பல்லக்குகள் ஒன்றுகூடுகின்றன. ஆளந்தியில் இருந்து ஞானதேவரின் பல்லக்கு வருகிறது. திரியம்பகேஸ்வரத்தில் இருந்து நிவ்ருத்திநாதருடையது. சாஸ்வடில் இருந்து சோபான்தேவருடையது. வடக்கே முக்தாயிநகரில் இருந்து முக்தாபாயினுடையது. நான்கு திசைகளில் பிரிந்து போன அந்த உடன்பிறப்புகள், ஆண்டுக்கு ஒருமுறை அங்கு சந்தித்துக்கொண்டு, ஒன்றாகப் பண்டரிபுரத்திற்குள் செல்கின்றனர்.